கனடாவிலிருந்து வந்த ஹொக்கிப் பை: எதைக் கொண்டுபோவது, எதை இங்கே பயன்படுத்துவது, எதை எறிவது

கோண்டாவிலிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஸ்காபரோவில் இருக்கும் அவருடைய தமையன், தன் மகன் விளையாடி முடித்த ஐஸ் ஹொக்கிச் சாமான்களை ஒரு பெரிய பையில் போட்டு, கடல்வழியாக வந்த பெட்டியோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார். தங்கச்சியின் மகன் ஓகஸ்ட் கடைசியில் ரொறன்ரோவுக்குப் படிக்கப் போகிறான். அங்கே போய் இந்த விளையாட்டைப் பழக ஆசைப்படுகிறான். இதில் எதைத் திரும்பக் கொண்டுபோகலாம், எதை அங்கே வாங்க வேண்டும், மிச்சத்தை இங்கே எதற்காவது பயன்படுத்தலாமா, அல்லது எறிந்துவிடுவதா என்பது கேள்வி. பை வீடு முழுக்க மணக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். பையனின் உயரம் 5 அடி 8 அங்குலம், நிறை 65 கிலோ, சப்பாத்து அளவு 8, கிரிக்கெட்டில் வலது கைத் துடுப்பாட்டக்காரன்.

நான் ஸ்காபரோவில் 19 வருடம் இருந்தேன். அதில் 11 வருடம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில், ஸ்கேட் தீட்டும் மெஷினுக்கு முன்னால் நின்றேன். என் இரண்டு பிள்ளைகளும் விளையாடினார்கள். இப்போது திருநெல்வேலியில் இருக்கிறேன். உங்களுடைய பையைப் போல இரண்டு பைகள் என் வீட்டுக்கும் வந்தன. அதனால் தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன்.

முதலில் மணத்தைப் பார்ப்போம். அது பழைய வியர்வையில் வளர்ந்த கிருமியின் மணம். பையை வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டாம். எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோங்கள். கையில் கீறல், புண் இருப்பவர்கள் கழுவும் முன் இவற்றைத் தொட வேண்டாம். பழைய ஹொக்கிச் சாமானிலிருந்து தோலில் கிருமி தொற்றுவது அங்கே அடிக்கடி நடக்கிற விஷயம். தோள் மெத்தை, முழங்கை மெத்தை, கால் காப்பு, காற்சட்டை ஆகியவற்றைத் தொட்டியில் சவர்க்காரத்தூளும் ஒரு கோப்பை வினாகிரியும் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, நன்றாக அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். நடு வெயிலில் போட்டால் உள்ளே இருக்கும் நுரைமெத்தை வெடிக்கும், பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும். இப்போது சோழகம் வீசுகிறது. இரண்டு நாளில் காய்ந்துவிடும். மாரி தொடங்கிய பிறகு இதைச் செய்யப் போனால் ஒரு கிழமை ஆனாலும் உள்ளே ஈரம் நிற்கும். கையுறையை மட்டும் ஊறவிட வேண்டாம், உள்ளங்கைத் தோல் காய்ந்து விறைத்துவிடும். ஈரத்துணியால் உள்ளும் புறமும் துடைத்து, விரல்களை விரித்து வையுங்கள்.

சரி, கழுவியாகிவிட்டது. எதை வைத்திருப்பது, எதை விடுவது என்று பிரிக்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பையில் இருக்கும் ஒவ்வொரு சாமானும் ஒரு குறிப்பிட்ட அடியைத் தாங்கச் செய்யப்பட்டது. அந்த அடி எங்கிருந்து வருகிறது, என்ன வடிவத்தில் வருகிறது, எத்தனை தரம் வருகிறது என்று பார்த்துத்தான் மெத்தையை வைத்திருக்கிறார்கள். அது தெரிந்தால் எது பையனுக்குப் பொருந்தும், எது யாழ்ப்பாணத்தில் வேறு வேலைக்கு உதவும், எதை நம்பினால் ஆபத்து என்பதெல்லாம் தானாக விளங்கும்.

ஐஸ் ஹொக்கியில் பந்து இல்லை. பக் என்று சொல்லும் தட்டையான றப்பர் வட்டு. 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிப்பு, 156 முதல் 170 கிராம் நிறை. நம்முடைய கடினப்பந்து 156 முதல் 163 கிராம். நிறை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பெரிய ஆட்டங்களில் பக் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். அதோடு தடி அடி, பனித்தரையில் விழும் அடி, சுற்றுப் பலகையில் மோதும் அடி, ஸ்கேட்டின் இரும்பு வெட்டும் வெட்டு. இந்த ஐந்துக்கும்தான் இந்தப் பை.

தலைக்கவசத்தில்தான் எனக்குக் கவலை அதிகம், அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன். கவசத்தின் பின்புறத்தில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். கனடாவில் சி.எஸ்.ஏ என்ற கனடாத் தரச் சபையின் முத்திரை இருந்தால்தான் சிறுவர் ஆட்டங்களில் ஏற்பார்கள். எச்.இ.சி.சி என்ற அமெரிக்கச் சான்றுச் சபையின் இன்னொரு ஸ்டிக்கரும் பெரும்பாலும் இருக்கும். அதில் போட்டிருக்கும் சான்று தயாரித்த நாளிலிருந்து ஆறரை வருடத்துக்குத்தான். உங்கள் அண்ணன் மகன் விளையாடி விட்டது என்றால் அந்தக் காலம் கடந்திருக்கத்தான் வாய்ப்பு. கடல்வழிப் பெட்டிக்குள் வாரக்கணக்கில் வெந்து வந்த நுரைமெத்தை அது. உள்ளே விரலால் அமத்திப் பாருங்கள். அமத்தின இடம் மெதுவாக மேலே வந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. கல் போல இருந்தாலோ, தூளாக உதிர்ந்தாலோ அது முடிந்த கவசம். எப்படி இருந்தாலும் மகனுக்குப் புதிய கவசம் ரொறன்ரோவில் வாங்குங்கள். மற்றவற்றில் பெரும்பாலானதைப் பழையதாக எடுக்கலாம், தலைக்கவசத்தையும் கழுத்துக் காப்பையும் புதிதாகத்தான் எடுக்க வேண்டும் என்பது என் முடிந்த முடிவு.

பழைய கவசத்தை யாரும் மோட்டார் சைக்கிளுக்குப் போட்டுக்கொண்டு போகக்கூடாது. "கனடாச் சாமான், பாரமாக இருக்கிறது, கம்பிக்கூடும் இருக்கிறது, கொக்குவில் சந்தி மட்டும் போய் வரலாம்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நான் அவரிடமிருந்து அதை வாங்கி வைத்துவிட்டேன். ஹொக்கிக் கவசத்தின் மெத்தை, சின்னதும் நடுத்தரமுமான அடிகளைத் திரும்பத் திரும்பத் தாங்கி, பிறகு பழைய வடிவத்துக்கு வருவதற்காகச் செய்யப்பட்டது. மோட்டார் சைக்கிள் கவசத்தின் உள்ளே இருப்பது வேறு சாமான். ஒரேயொரு பெரிய அடியில் தான் நசுங்கி, அந்த வேகத்தைத் தனக்குள் எடுத்துக்கொள்ளும். தார் வீதியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் விழும் தலைக்கு ஹொக்கிக் கவசம் போதவே போதாது. சைக்கிளுக்கும் நான் சொல்லமாட்டேன், அதற்குச் சைக்கிள் கவசம் வாங்குவதுதான் சரி. மென்பந்துக்கு விக்கெட் காக்கும் சிறுவன் போட்டு விளையாடலாம், பல்லும் மூக்கும் தப்பும். கடினப்பந்துக்குத் துடுப்பெடுத்து நிற்க வேண்டும் என்றால் அதற்குச் சோதித்த கிரிக்கெட் கவசம்தான் வேண்டும். 2014 இல் பிலிப் ஹியூஸ் இறந்தது கழுத்தின் பக்கத்தில் பட்ட பந்தால். ஹொக்கிக் கவசம் அந்த இடத்தைத் திறந்துதான் விடுகிறது.

கனடாக்காரருக்கும் இந்தப் புத்தி மெதுவாகத்தான் வந்தது. என்.எச்.எல் என்ற வட அமெரிக்கப் பெரிய தொடரின் ஆட்டங்களில் கோல் காப்பாளர் ஜாக் பிளாண்ட் 1959 நவம்பரில் முகத்தில் பக் பட்டுத் தையல் போட்ட பிறகுதான், முகமூடி போடாமல் திரும்ப இறங்கமாட்டேன் என்று நின்றார். புதிதாகச் சேரும் ஆட்டக்காரர் கவசம் போட வேண்டும் என்ற விதி 1979 இல் வந்தது. கவசமே போடாமல் விளையாடிய கடைசி ஆள் கிரெய்க் மக்டாவிஷ், 1997 இல் ஓய்வு பெற்றார்.

கழுத்துக் காப்பு துணிப்பட்டி போல இருக்கும். சின்னச் சாமான்தானே என்று விடாதீர்கள். 2023 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில், அடம் ஜோன்சன் என்ற ஆட்டக்காரர் கழுத்தில் ஸ்கேட் இரும்பு வெட்டி இறந்தார். சிறுவர் ஆட்டங்களில் கனடாவில் அது முன்பே கட்டாயம். அதில் பி.என்.கியூ என்ற கியூபெக் தரச் சின்னம் இருக்க வேண்டும். வளர்ந்தவர்கள் பொழுதுபோக்காக விளையாடும் இடங்களில் பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். கேட்காவிட்டாலும் மகன் போட வேண்டும். விலையும் பெரிதில்லை.

அடுத்தது ஸ்கேட். பையில் இருக்கும் ஸ்கேட்டில் 8 என்று போட்டிருக்கிறது, மகனின் சப்பாத்தும் 8 என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே 8 இல்லை. இங்கே கடைகளில் சப்பாத்துக்குப் போடும் எண் பெரும்பாலும் இங்கிலாந்து அளவு. கனடாவில் ஆண்களுக்கு அது 9 ஆகிறது. ஸ்கேட் எடுக்கும்போது கனடாச் சப்பாத்து எண்ணிலிருந்து ஒன்று, ஒன்றரை குறைக்க வேண்டும். ஆக உங்கள் மகனுக்கு ஏழரை அல்லது 8. அப்படியென்றால் வந்திருக்கும் ஸ்கேட் அவனுக்குப் பொருந்த நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இங்கேயே போட்டுப் பார்க்கலாம். மெல்லிய காலுறையோடு காலை விட்டு, நாடா கட்டாமல் விரல்களை முன்பக்கம் தள்ளச் சொல்லுங்கள். அப்போது குதிக்காலுக்குப் பின்னால் ஒரு விரல் மட்டும் போக வேண்டும். இரண்டு விரல் போனால் பெரிது. பிறகு குதிக்காலைப் பின்னால் தட்டி இருத்தி, நாடாவை இறுக்கிக் கட்டி, ஒரு பழைய பாயில் எழுந்து நின்று முழங்காலை மடிக்கச் சொல்லுங்கள். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தில் தொட்டும் தொடாமலும் இருக்கும், முழங்கால் மடிந்ததும் கொஞ்சம் பின்வாங்கும். அதுதான் சரியான அளவு. என் மூத்த மகனுக்கு முதல் ஸ்கேட்டை "வளர்கிற பிள்ளை, ஒரு அளவு கூட எடுப்போம்" என்று சப்பாத்து வாங்குகிற மாதிரி வாங்கினேன். அந்த மாரிகாலம் முழுக்கப் பிள்ளையின் கணுக்கால் உள்பக்கம் சாய்ந்தே கிடந்தது. வலி என்று அழுவான். பழகாததால் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் இரண்டு அளவு குறைத்துப் போட்ட அன்றே அவன் ஓடினான். அதன் பிறகுதான் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வருகிற தமிழ்ப் பெற்றோர் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு விஷயம் நம்மவர்களுக்கே உரியது. வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த கால் விரல்பக்கம் விரிந்திருக்கும். கனடாக் கடைகளில் சாதாரண அகலத்தை எடுத்து நீட்டுவார்கள், அது சின்ன விரலைக் கடிக்கும். அகன்ற கால் அளவு வேண்டும் என்று வாய் திறந்து கேட்க வேண்டும். பௌவர் (Bauer), சி.சி.எம் இரண்டு கம்பனிகளும் அகன்ற அளவுகள் செய்கின்றன. சி.சி.எம் என்பது 1899 இல் சைக்கிள் செய்யத் தொடங்கிய கம்பனி. பெயரின் முதல் இரண்டு சொல்லே கனடா சைக்கிள் என்பதுதான். சைக்கிளை நம்பி வாழ்ந்த ஊர்க்காரன் என்பதாலோ என்னவோ, அந்தப் பெயரை எங்கே பார்த்தாலும் எனக்கு ஒரு பிரியம்.

ஸ்கேட் பழையதா என்று பார்க்கக் கணுக்கால் பகுதியை இரண்டு கையாலும் அமத்துங்கள். விறைப்பாக எதிர்த்தால் நல்லது. பழைய பை போல மடிந்தால் அது பிடித்துக்கொள்ளாது. அடியில் ஆணிகள் ஆடுகிறதா, இரும்பு இன்னும் எவ்வளவு உயரம் மிச்சம் என்று பாருங்கள். ஒவ்வொரு தீட்டலும் இரும்பைக் கொஞ்சம் தின்னும். எல்லாம் சரியென்றால் மகன் கொண்டுபோகட்டும். அங்கே கடையில் சூடாக்கும் அடுப்பில் சில நிமிடம் வைத்து, காலில் போட்டு இறுக்கிக் கால் மணி நேரம் அசையாமல் இருந்தால் அவன் கால் வடிவத்துக்குத் திரும்ப வரும். பிறகு தீட்டக் கொடுக்க வேண்டும். ஸ்கேட்டின் அடி கத்தி போலக் கூராக இருப்பதில்லை. நடுவில் ஒரு குழி, இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு. அந்தக் குழி எவ்வளவு ஆழம் என்பதுதான் தீட்டல் கணக்கு. அரை அங்குல ஆரமுள்ள வட்டத்தில் தீட்டுங்கள் என்று சொன்னால் தொடங்குபவனுக்குப் போதும். வட்டம் சின்னதாகச் சின்னதாகப் பனியைக் கூடக் கடிக்கும், ஆனால் வழுக்கி ஓடுவது குறையும். புதிதாக வாங்கும் ஸ்கேட் தீட்டாமல்தான் பெட்டியில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். அது தெரியாமல் இறங்கி, முதல் அடியிலேயே விழுந்து, "எனக்கு இது சரிவராது" என்று கழற்றி வைத்த பெடியன்களை நான் பார்த்திருக்கிறேன்.

போகும் வரைக்கும் நம்முடைய உப்புக்காற்று அந்த இரும்பைச் சும்மா விடாது. துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி பூசி, உலர்ந்த துணியால் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்தால் உள்ளே ஈரம் நின்று துரு ஏறும். அந்த உறை நடப்பதற்கு மட்டும்தான்.

தடி இரண்டு வந்திருக்கிறது, ஒன்று மரம், ஒன்று கார்பன் நாரில் செய்தது. இரண்டையும் கொண்டுபோக வேண்டாம். விமானத்தில் நீளச் சாமானுக்குத் தனிக் காசு கேட்கலாம், அங்கே மரத்தடி மலிவு. ஆனால் எந்தப் பக்கத் தடி வாங்குவது என்று இங்கேயே முடிவு செய்யலாம். தடியின் அலகு இடப்பக்கம் வளைந்ததா வலப்பக்கம் வளைந்ததா என்று இரண்டு வகை. வலது கைத் துடுப்பாட்டக்காரனுக்கு இடது கை மேலே, வலது கை கீழே பிடிப்பது வழக்கம். அப்படியே ஹொக்கித் தடியைப் பிடித்தால் அது வலப்பக்கத் தடி. கனடாவில் வலக்கைக்காரர்களிலும் பலர் பலமான கையை மேலே வைத்து இடப்பக்கத் தடிதான் பிடிப்பார்கள். அதனால் கடையில் இடப்பக்கத் தடி குவிந்து கிடக்கும், யாராவது அதைத்தான் எடுத்துக் கையில் தருவார்கள். உங்கள் மகன் பத்து வருடம் துடுப்புப் பிடித்த கை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தும்புத்தடியை எடுத்துத் தரையைத் தட்டச் சொல்லுங்கள், எந்தக் கை கீழே போகிறதோ அதுதான் அவன் பக்கம்.

நீளம், சப்பாத்தோடு நின்றால் மூக்கு வரை, ஸ்கேட்டோடு நின்றால் நாடி வரை. தடியில் 65, 75, 85 என்று ஓர் எண் இருக்கும். தடியை ஓர் அங்குலம் வளைக்க எத்தனை இறாத்தல் பலம் வேண்டும் என்பது அது. உடல் நிறையை இறாத்தலில் எடுத்து அதில் பாதி என்பது பழைய கணக்கு. 65 கிலோ என்றால் 143 இறாத்தல், பாதி 70 பக்கம் வருகிறது. தடியை வெட்டிக் குறைத்தால் விறைப்புக் கூடும், ஆகவே 70 எடுத்து வெட்டினால் அது 70 ஆக இருக்காது. 300 டொலருக்கு மேல் விற்கும் கார்பன் தடிக்கு முதல் வருடம் ஆசைப்படவே வேண்டாம்.

கையுறையும் கால் காப்பும் சரியாக இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். கையுறை 14 அங்குலம் என்கிறீர்கள், அவன் உயரத்துக்குச் சரி. விரல் நுனி கையுறையின் நுனியில் முட்டக்கூடாது, உள்ளங்கை கிழிந்திருக்கக்கூடாது. கால் காப்பின் கிண்ணம் முழங்கால் சிரட்டையின் மேல் நடுவாகப் பொருந்தும்படி வைத்தால், கீழ் முனை ஸ்கேட்டின் மேல் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். 15 அங்குலம் அவனுக்கு வரும் என்றுதான் நினைக்கிறேன், ஸ்கேட்டையும் போட்டு ஒருமுறை பாருங்கள். காற்சட்டையும் தோள் மெத்தையும் பாரத்தைவிட இடத்தை அடைக்கும். அவற்றை விடுங்கள். ஆண்குறிக் காப்பும் பல் காப்பும் வேறு ஆள் பாவித்தது என்பதால் யோசிக்காமல் எறியுங்கள்.

ரொறன்ரோவில் மிச்சத்தை வாங்க, பிளே இட் அகெய்ன் ஸ்போர்ட்ஸ் என்ற பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. கோடை கடைசியிலேயே போனால் தெரிவு இருக்கும். பருவம் தொடங்கி ஒக்டோபர் ஆனால் நல்லது எல்லாம் போய்விடும். ஆனால் தெரிவு குறைந்தாலும் பரவாயில்லை, எதையும் முழுதாக வாங்கும் முன் ஸ்கேட்டும் கவசமும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் சறுக்கப் பழகட்டும். நகரசபை நடத்தும் வெளித்தளங்கள் நவம்பர் கடைசியில் திறக்கும், உள்ளே போகக் காசில்லை. ஸ்காபரோ நகர மண்டபத்துக்கு முன்னால் ஆல்பர்ட் கம்பெல் சதுக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. பொதுச் சறுக்கல் நேரத்தில் தடி கொண்டுபோக விடமாட்டார்கள். தடியோடு விளையாட ஷின்னி என்று தனி நேரம் ஒதுக்குவார்கள். நிற்கத் தெரிந்த பிறகு அங்கே போகலாம்.

இனி இங்கே மிஞ்சுவதைப் பார்ப்போம். தோள் மெத்தை, முழங்கை மெத்தை, காற்சட்டை, இரண்டு தடி, பக் மூன்று. கால் காப்பை அவன் கொண்டுபோகாவிட்டால் அதுவும்.

கால் காப்புக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கும் மிக நல்ல வேலை புல்லு வெட்டும் மெஷின். மழைக்குப் பிறகு வளவு முழுக்கப் புல்லு எழும்பும், மெஷினைத் தோளில் கொழுவிக்கொண்டு சாரத்தோடு இறங்குவார்கள். நம்முடைய நிலத்தில் எங்கே தொட்டாலும் சுண்ணக்கல். இழை பட்டுத் தெறிக்கும் கல் நேரே முன்னங்காலுக்குத்தான் வரும். வேகமாக வரும் கடினமான சின்னச் சாமான் முன்னங்காலில் படுவது என்பது கால் காப்பு எதிர்பார்த்துக் காத்திருக்கும் அடியேதான். என் வளவைத் துப்புரவாக்க வரும் தம்பிக்கு ஒரு சோடி கொடுத்தேன், இரண்டு வருடமாகக் கழற்றவில்லை. ஆனால் முகத்துக்கு ஹொக்கிக் கம்பிக்கூட்டை நம்ப வேண்டாம். பக்கும் தடியும் நுழையாத அளவுக்குத்தான் அந்தக் கண்ணி. கல் துணுக்கு சுகமாக உள்ளே போகும். அதற்குக் கண்ணாடிதான் போட வேண்டும்.

அடுத்த நல்ல இடம் கிரிக்கெட் பயிற்சி. துடுப்பாட்டக்காரனுக்குக் கிட்ட நின்று பிடி எடுக்கப் பழகும் பெடியன் ஹொக்கிக் கால் காப்பைக் காற்சட்டைக்கு உள்ளே கட்டலாம். போட்டியிலும் உள்ளே கட்டினால் பிழையில்லை. விக்கெட் காப்பாளரைத் தவிர வேறு களத்தடுப்பாளர் வெளியே தெரியும் கால் காப்போ கையுறையோ போடக்கூடாது என்பதுதான் விதி. உங்கள் பக்கத்துப் பாடசாலைக் கிரிக்கெட் பயிற்றுநரிடம் கேட்டுப் பாருங்கள், சந்தோசமாக வாங்குவார்.

பழைய கையுறை இருந்தால் பனங்கருக்கு இழுக்கவும் முள்வேலி கட்டவும் உதவும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. ஹொக்கிக் கையுறையின் பலம் முழுக்கக் கையின் வெளிப்பக்கத்தில். தடி அடி அங்கேதான் விழும். உள்ளங்கையில் தடி பிடித்ததை உணர வேண்டும் என்பதற்காக மிக மெல்லிய தோல் வைத்திருப்பார்கள். கருக்கு மட்டையின் பல் அதற்குள் ஒரே இழுவையில் இறங்கும். நானே கையில் வெட்டு வாங்கித்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

முழங்கை மெத்தையை மெலிந்த ஆட்கள் முழங்காலில் கட்டலாம். நிலத்தில் முழங்காலூன்றி டைல்ஸ் பதிக்கும் மேசன்மாருக்கு அது நல்ல ஆறுதல். கால் காப்பு இந்த வேலைக்கு வராது, நீளம் கூட, முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் வழுக்கும். காற்சட்டையில் இடுப்பு, தொடை, வால் எலும்பு மூன்றுக்கும் மெத்தை இருக்கிறது. சில்லுச் சப்பாத்துப் பழகும் பிள்ளைக்கு அதைவிட வேறு வேண்டாம். தோள் மெத்தைக்கு நான் இன்னும் ஒரு நல்ல வேலை கண்டுபிடிக்கவில்லை. தேவைப்படும் பிள்ளை கிடைக்கும் வரை ஒரு சாக்குக்குள் போட்டு வையுங்கள்.

தடியில் ஒரு பெரிய எச்சரிக்கை இருக்கிறது. கார்பன் தடி நீளமாக, உள்ளே குழாயாக, இறகு போல இருக்கும். பார்த்த உடனே அலகை வெட்டிவிட்டுக் கொக்கத்தடியில் பொருத்தலாம், மாங்காய் முருங்கைக்காய் ஆயலாம் என்று கை பரபரக்கும். கார்பன் நார் மின்சாரத்தைக் கடத்தும். நம்முடைய ஒழுங்கைகளில் முருங்கை மரத்துக்கும் மின்கம்பிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று உங்களுக்கே தெரியும். காய்ந்த மூங்கிலை நம்புகிற மாதிரி இதை நம்பி மேலே நீட்டக்கூடாது. வளவுக்கு உள்ளே, கம்பி எதுவும் இல்லாத இடத்தில் தக்காளிக்கும் பயற்றங்கொடிக்கும் முண்டு கொடுக்க நல்லது, உக்காது, கறையான் தொடாது. வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்டி, மூக்கு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தூள் தோலில் குத்தும், மூச்சோடு போனால் நல்லதில்லை. மரத்தடியைக் கறையான் விடாது, எண்ணெய் பூசி உயரத்தில் வையுங்கள்.

ஆனால் தடிகளை இப்படி வெட்டும் முன் ஒரு நிமிடம் யோசிக்கச் சொல்வேன். கனடாவில் பிள்ளைகள் கோடையில் பனி இல்லாமல் தெருவிலேயே இதை விளையாடுகிறார்கள். பக்குக்குப் பதில் டென்னிஸ் பந்து, ஸ்கேட்டுக்குப் பதில் சப்பாத்து, கோலுக்கு இரண்டு கல். கார் வந்தால் ஒருவன் சத்தம் போடுவான், எல்லோரும் ஓரத்துக்குப் போய்விட்டுத் திரும்ப வருவார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பாடசாலையின் சீமெந்து வலைப்பந்துத் திடலில், அதிபரிடம் கேட்டு, ஞாயிறு பின்னேரங்களில் ஒன்பது பத்துப் பிள்ளைகளை வைத்து விளையாடுகிறோம். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் கலந்துதான். தடி ஆறுதான் இருக்கிறது, மாறி மாறி எடுப்பார்கள். பாடசாலைகளில் விளையாடும் நம்முடைய ஹொக்கியோடு இதைக் குழப்ப வேண்டாம். அந்தத் தடியின் தட்டையான ஒரு பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம், இங்கே இரண்டு பக்கமும் தொடலாம். சீமெந்து அலகைத் தேய்க்கும். அதனால் கீழ் விளிம்பில் துணி டேப் இரண்டு சுற்றுச் சுற்றி, தேயத் தேய மாற்றுவோம். உங்கள் மகன் போகும் வரைக்கும் அங்கே வரட்டும். பந்தைத் தடியில் வைத்து ஓடும் கைப்பழக்கத்துக்குப் பனி தேவையில்லை. அந்தக் கை அவனுக்கு அங்கே போய் இறங்கும்போது ஏற்கெனவே இருக்கும். அவன் போன பிறகு அந்த இரண்டு தடியையும் தர மனமிருந்தால், எட்டுத் தடியாகிவிடும்.

கடைசியாக அந்த மூன்று றப்பர் வட்டுகள் எதற்கு என்று கேட்டீர்கள். ஆட்டத்துக்கு முன் துள்ளாமல் இருக்க அவற்றைக் குளிரில் உறைய வைப்பார்கள், அவ்வளவு கெட்டியான றப்பர். ஒன்றை மோட்டார் சைக்கிளில் வைத்திருங்கள். மணல் தரையிலோ, வெயிலில் இளகிய தாரிலோ நிறுத்தும்போது பக்க ஸ்டாண்டுக்கு அடியில் போட்டால் வண்டி சாயாது. மற்ற இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை மகனிடம் கொடுத்துவிடுங்கள், பிள்ளைகள் ஒருமுறை உண்மையான பக்கைத் தட்டிப் பார்க்கட்டும்.